வாக்குக் காத்த வீரரும் விலையாகிய மகளிரும்

பழைய வீரரைப் புதிய கதையில் மறுபடியும் நடமாட விடுவது இன்று மேனாட்டிலும் நம் நாட்டிலும் பெருகிவரும் ஓர் இலக்கிய வழக்கு. மேனாட்டார் இதற்குத் தேடிப்போவது பெரும்பாலும் கிரேக்கப் புராணத்தையே. மார்கரெட் அட்வுட் 2005-இல் எழுதிய 'பெனலோப்பியாட்' ஒடிசியசின் மனைவியையும், அவன் வீடு திரும்பியபோது தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களையும் பேச வைத்தது. மேடலின் மில்லர் 2011-இல் அக்கிலசின் கதையை அவன் தோழன் பத்ரோக்ளசின் வாயால் சொன்னார். அதே அக்கிலசை, போர்ப்பரிசாக அவன் கூடாரத்துக்குக் கொண்டுவரப்பட்ட பிரைசேயிஸ் என்னும் அடிமைப்பெண்ணின் கண்ணால் பாட் பார்க்கர் 2018-இல் பார்த்தார். நம் நாட்டில் எம். டி. வாசுதேவன் நாயர் 1984-இல் மலையாளத்தில் வெளியிட்ட 'இரண்டாமூழம்' வீமனை நடுவில் நிறுத்தியது. தமிழில் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக மகாபாரதம் முழுவதையும் 'வெண்முரசு' என்னும் பெயரில் எழுதி முடித்தார்.

இத்தகைய கதைகளை ஆயரும் இறையியல் மாணவரும் எவ்வாறு வாசிப்பது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது. நம்மிடையே இரண்டு மனப்பான்மைகளைக் காண்கிறோம். ஒன்று, இவை பிற சமயக் கட்டுக்கதைகள், அருளுரைக்கு உதவாதவை என்று ஒதுக்கிவிடுவது. மற்றொன்று, இதனினும் தீமையானது. இராமனைக் குறித்து ஓர் இந்து எழுத்தாளரே கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைச் சந்தைவெளியில் அயலாரை அடிக்கும் கோலாக்கிக்கொள்வது. சென்ற நூற்றாண்டுகளின் கண்டனப் பிரசங்கங்களில் இப்பழக்கம் வேரூன்றியிருந்தது. இன்றும் அது முற்றிலும் அற்றுப்போகவில்லை. தன் வீட்டு வீரரிடம் கேட்கத் துணியாத கேள்வியை அயல் வீட்டு வீரரிடம் மட்டும் கேட்பவர் எதையும் கேட்டவராகார் என்பது நம் கருத்து. அந்தக் கேள்வி யாது என்பதை முதலில் காண்போம்.

நாம் ஊழியம் செய்யும் புதுக்கோட்டைச் சீமையில் நூல் வாசிக்கும் வழக்கம் இல்லாத முதியோரும் இக்கேள்வியை அறிவர். மதுரை, திண்டுக்கல், காரைக்குடி போலவே புதுக்கோட்டையும் ஸ்பெஷல் நாடகத்துக்குப் பேர்போன ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையை அண்டியிருந்து இசை பயின்றவர். அவர் இயற்றிய நாடகங்களே இன்றும் அம்மேடைக்கு முதல். கோயில் திருவிழாவில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும் அந்நாடகத்தில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே சந்திக்கிறார்கள். கதை யாவருக்கும் தெரியும். கேள்வியும் மறுமொழியும் அன்றைய இரவுக்கு உரியவை. 'வள்ளி திருமணத்'தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே மக்கள் விழித்திருப்பர். தேவமுனிவர் ஒரு குறமகளிடம் சொல்லுக்குச் சொல் கணக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. திறனாய்வு என்று நாம் கல்லூரியில் கற்பிப்பது அங்கே ஆர்மோனியத்தோடு நடைபெறுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தை எடுத்துக்கொள்வோம். வாய்மை தவறாதவன் என்பதற்கு இந்திய நாட்டில் அவனுக்கு மேல் எடுத்துக்காட்டு இல்லை. இளமையில் பார்த்த அரிச்சந்திரன் நாடகம் தம்மை ஆட்கொண்டதைக் காந்தியடிகள் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். எனினும் புதுக்கோட்டைக் கிராமத்து மேடையில் பின்னிரவு மூன்று மணிக்குத் தாய்மாரைக் கண்ணீர் விட வைப்பவன் அரிச்சந்திரன் அல்லன். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனை மடியில் கிடத்திக்கொண்டு, சுடலைக்குக் கொடுக்கக் காசில்லாமல் புலம்பும் சந்திரமதியே அழவைக்கிறாள். வாக்குக் கொடுத்தவன் கணவன். விற்கப்பட்டவர் மனைவியும் மகனும். நாடகத்தைப் பார்ப்போர் அரிச்சந்திரனைக் குறைகூறுவதில்லை, கையெடுத்துக் கும்பிடவும் செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய அழுகை வேறு பக்கமாகப் போய்விடுகிறது. வீரன் தன் வாக்கைக் காத்தபோது அதற்கு விலையாகியவர் யார் என்னும் கேள்வி அந்த அழுகைக்குள் இருக்கிறது.

புதுமைப்பித்தன் (1906–1948) 1943-இல் எழுதிய 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதை இக்கேள்வியையே இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. தமிழில் புராண வீரரை மறுபடி எழுதிய கதைகளுள் இதனை முதலாவதாக வைக்கத் தயங்கமாட்டோம். கதை பலரும் அறிந்ததே. கல்லாய்க் கிடந்த அகலிகை, சிறுவனான இராமனின் காலடித் துகள் பட்டு உயிர்பெறுகிறாள். புற்றுக்குள் இருந்த கோதமனும் எழுந்து வருகிறான். உண்மையில் சாபம் நீங்கிவிட்டதா என்பதே கதை. கோதமன் அவளை வெறுக்கவில்லை, தன் பழைய கோபத்துக்காக நாணுகிறான். அவளோ ஒவ்வொரு சொல்லையும் பலமுறை எண்ணிப் பார்த்தே பேசுகிறாள்; பிறர் பேச்சில் உள்ளர்த்தம் இருக்குமோ என்று அஞ்சுகிறாள்; காணும் ஆடவர் யாவரிடமும் இந்திரனின் சாயல் தெரிகிறது. மன்னிப்பு வழங்கப்பட்ட பின்னும் மன்னிக்கப்பட்டவரால் வாழமுடியாத நிலையை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன வேறொரு தமிழ்க் கதையை நாம் வாசித்ததில்லை. ஆயர்ப்பணியில் பாவ அறிக்கையைக் கேட்டவர் எவரும் இப்பகுதியை இரண்டாம் முறை வாசிப்பர்.

பின்னர் வனவாசம், பதினான்கு ஆண்டுகள். கைகேயியும் இக்கதையில் வருகிறாள், சூழ்ச்சிக்காரியாக அன்று, மகன் தன் சூளுறவின்படி தீயில் இறங்க ஆயத்தமாவதைக் கண்டு கலங்கும் தாயாக. இறுதியில் இராமனும் சீதையும் கோதமனின் குடிலுக்கு வருகிறார்கள். ஆடவர் இருவரும் வெளியே போகப் பெண்கள் தனித்துப் பேசுகிறார்கள். தான் தீயில் இறங்கி வெளிவந்ததைச் சீதை சொல்கிறாள். அவர் கேட்டாரா என்று திகைக்கிறாள் அகலிகை. தன்னை உயிர்ப்பித்தவன், தன் குற்றமின்மையைச் சொல்லாமலே உணர்ந்தவன் என்று அவள் நம்பியிருந்த அதே இராமனா கேட்டான்? உலகத்துக்கு நிரூபிக்கவேண்டாமா என்று சீதை சிரித்துக்கொண்டு சொல்லும் இடம் கதையின் உச்சம். அன்றிரவு கோதமன் அன்போடு நெருங்கும்போது அகலிகையின் நெஞ்சு இறுகுகிறது. அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

இதில் இராமன் சிறுமைப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அகலிகைக்கு அவன் பிள்ளையைப் போன்றவன். கதையாசிரியரும் அவனைக் கனிவோடுதான் வரைகிறார். அவன் உண்மையிலேயே பெரியவன் என்பதனாலேயே அவன் கேட்ட ஒரு கேள்வி ஒரு பெண்ணைக் கல்லாக்க முடிகிறது. கயவன் ஒருவன் அக்கேள்வியைக் கேட்டிருந்தால் அகலிகை சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மறுபடி எழுதப்படும் வீரகதைகளின் தரத்தை அளக்க நாம் கொள்ளும் அளவுகோல் இதுவே. வீரனைக் குள்ளனாக்கிவிட்டு அவனைக் கேள்வி கேட்பது எளிது. அவன் உயரத்தைக் குறைக்காமல், அந்த உயரத்தின் நிழல் யார் மேல் விழுந்தது என்று காட்டுவதே அரிது.

புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' இவ்வளவுகோலில் அத்துணை உயரவில்லை. 1946-இல் வெளிவந்து, 1948-இல் அரசால் தடை செய்யப்பட்டு, 1971-இல் தடை நீங்கப்பெற்ற நூல் அது. அதன் செய்யுள் வன்மையையும், அது எழுந்த காலத்தின் நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. ஒரு நூலைத் தடைசெய்வது அதற்கு மறுமொழியும் ஆகாது. எனினும் அங்கு நிகழ்வது முடிமாற்றமே. இராமன் தலையிலிருந்த முடி இராவணன் தலைக்குப் போகிறது. முடி சூடாதவர் முன்போலவே நிற்கிறார்கள். தலைகீழாக்கப்பட்ட காவியமும் காவியமே. புதுமைப்பித்தன் முடியைத் தொடவில்லை, இரண்டு பெண்களைக் குடிலுக்குள் அமர்த்திப் பேசவிட்டார்.

எம். வி. வெங்கட்ராமின் 'நித்தியகன்னி' இவ்வரிசையில் இன்னும் பரவலாக அறியப்படவேண்டிய நாவல். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் ஒரு மூலையில் கிடந்த மாதவியின் கதையை அவர் எடுத்துக்கொண்டார். காலவன் என்னும் சீடன் குருவாகிய விசுவாமித்திரருக்குத் தட்சிணையாக 800 குதிரைகள் தரவேண்டும். ஒவ்வொன்றும் நிலவின் நிறமும் ஒரு காது கருமையும் உடையதாக இருத்தல் வேண்டும். யயாதி மன்னனிடம் இரக்கிறான். யயாதியிடம் குதிரைகள் இல்லை. இரந்தவனை வெறுங்கையோடு அனுப்பினான் என்னும் பழியை அவனால் ஏற்கவும் முடியவில்லை. ஆகவே மகளைக் கொடுக்கிறான். மூன்று அரசரிடம் மாதவி முறையே சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு மகனைப் பெற்றுத் தந்து, இருநூறு இருநூறாக 600 குதிரைகளைச் சேர்க்கிறாள். எஞ்சிய 200-க்கு ஈடாக அவளையே குரு ஏற்றுக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் கன்னிமை திரும்பப்பெறும் வரம் அவளுக்கு உண்டு. மூலக்கதை அதை வரம் என்கிறது. வெங்கட்ராமின் நாவலை வாசித்தவருக்கு அச்சொல்லை மறுபடி உச்சரிக்க நாக் கூசும். யயாதி கொடைவள்ளல், காலவன் குருபக்தன், விசுவாமித்திரர் தவசிரேட்டர். ஒவ்வொருவரும் தத்தம் தருமத்தைக் குறைவறக் காத்தனர். கணக்கு முழுவதும் ஒரு பெண்ணுடலில் எழுதப்பட்டது.

கிரேக்கரிடம் இதற்கு இணையானது அகமெம்னனின் மகள் இபிகேனியாவின் கதை. திரோயாவுக்குப் புறப்பட்ட படை ஆலிஸ் துறைமுகத்தில் காற்றின்றித் தேங்கி நிற்க, அர்த்தெமி தேவிக்கு மகளைப் பலியிட்டாலொழியக் கப்பல்கள் நகரா என்று குறிசொல்பவன் கூறுகிறான். அக்கிலசுக்கு மணமுடிப்பதாகப் பொய்யுரைத்து மகளை வரவழைக்கிறான் தந்தை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே எஸ்கிலசும் யூரிப்பிடிசும் இக்கதையை மறுபடி எழுதித் தந்தையைக் கேள்வி கேட்டுவிட்டனர். யூரிப்பிடிசின் 'ஆலிசில் இபிகேனியா' அவர் இறந்தபின், கி.மு. 405-இல் அரங்கேறியது. கோம் தோய்பின் 2017-இல் எழுதிய 'பெயர்களின் வீடு' என்னும் நாவலில் மகளை இழந்த கிளித்தெம்னெஸ்திராள் பேசுகிறாள். ஆகையால் புராண வீரரைக் கேள்வி கேட்பது தற்கால நாத்திகத்தின் விளைவு என்று நம்மில் சிலர் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அப்படிக் கேட்டவர்கள் மிகப் பழைய காலத்தவர். தத்தம் தெய்வங்களுக்கு விழாவெடுத்த நாளில் அத்தெய்வங்களின் அரங்கிலேயே கேட்டவர்கள்.

யூரிப்பிடிசிடம் ஓர் இடம் நம்மை உறுத்துகிறது. முதலில் உயிருக்கு மன்றாடும் இபிகேனியா, பின்னர் மனம் மாறி, நாட்டுக்காகத் தானே சாவை ஏற்பதாகச் சொல்கிறாள். பலியாகிறவள் இசைந்துவிட்டால் பலியிட்டவன் குற்றம் நீங்குமா? இக்கேள்விக்குத் தொலைவில் போகவேண்டியதில்லை. புறநானூற்றில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்றொரு வேந்தன் வருகிறான். அவன் மீட்ட ஒல்லையூர், புதுக்கோட்டை மாவட்டத்தில் பொன்னமராவதிப் பக்கத்து ஒலியமங்கலமே என்பது அறிஞர் கொண்ட முடிவு. அவன் பாடிய 71-ஆம் பாட்டு ஒரு வஞ்சினம். பகைவரைப் புறங்காட்டி ஓடச்செய்யாவிடின் தன் மனைவியைப் பிரியக்கடவேன் என்று தன்மேல் சாபம் இட்டுக்கொள்கிறான். அன்பின் மிகுதியால் சொன்னதுதான், ஐயமில்லை. ஆயினும் சூளுறவின் தட்டில் அவளே வைக்கப்படுகிறாள். 246-ஆம் பாட்டு அம்மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. கணவன் இறந்தபின் தீயில் இறங்கப் புறப்பட்டவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். கைம்மை நோன்பின் உணவையும் கற்படுக்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இவ்வாழ்வைவிடத் தீயே தனக்குக் குளிர்ந்த பொய்கை என்று அவர்களிடம் சினந்துரைக்கிறாள்.

இப்பாட்டைக் கற்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே பள்ளிகளில் சொல்லித் தருவர். அதை வாசிக்கும்தோறும் நமக்குத் தோன்றுவது வேறு. அவள் தீயைப் புகழ்ந்ததைக் காட்டிலும் கைம்மையைக் கண்டித்ததே மிகுதி. அவளுடைய இசைவுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, குற்றம்சாட்டப்படுவோர் சான்றோர். இசைவு என்று மேலே எழுதப்பட்டதன் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பதற்கு நமக்குப் புதிய நாவல்களும் கதைகளும் வேண்டியிருக்கின்றன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சாபவிமோசனத்தை வாசித்து, சீதை தீக்குளிக்க நேர்ந்ததே என்று இரங்கும் கிறிஸ்தவ வாசகர் மத்தேயு முதலாம் அதிகாரத்தை உடனே திறத்தல் நலம். மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்த யோசேப்பு நீதிமானாகையால் அவளை அவமானப்படுத்த மனமின்றி இரகசியமாய்த் தள்ளிவிட நினைக்கிறான். வீரமாமுனிவர் 1726-இல் 'தேம்பாவணி'யில் யோசேப்பை வளன் என்னும் காப்பியத் தலைவனாக்கி, 3615 விருத்தங்களில் பாடியபோது அவனுடைய ஐயத்தையும் மறைக்காமல் விரிவாகப் பாடினார். நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத ஒருவனைத் தமிழில் காப்பிய வீரனாக்கிய அருஞ்செயல் அது. புராண வீரரை மறுபடி எழுதும் வழக்கில் தமிழ்க் கிறிஸ்தவருக்கும் பங்கு உண்டு என்பதற்குச் சான்று. வளன் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டான், அது அவன் பெருமை. மாற்றியது எது? கனவில் வந்த தூதனின் சொல். சீதைக்குத் தீ சாட்சி சொன்னது, மரியாளுக்குத் தூதன் சாட்சி சொன்னான். இருவரிடமும் அவரவர் சொல்லைக் கேட்டு அதுவே போதும் என்று கொண்டதாக ஏடுகளில் இல்லை. அகலிகையின் கேள்வி நாசரேத்துக்கும் வருகிறது.

யெப்தாவின் கதைக்கு அது இன்னும் நெருக்கமாக வருகிறது. நியாயாதிபதிகள் 11-ஆம் அதிகாரத்தை அறியாத ஆயர் இல்லை. ஆனால் அதைப் பிரசங்கித்தவர் சிலரே. பரஸ்திரீயின் மகன் என்று சகோதரரால் துரத்தப்பட்டவன், தோபு தேசத்தில் வீணரைச் சேர்த்துக்கொண்டு வாழ்ந்தவன், ஆபத்து வந்தபோது அதே கீலேயாத்தின் மூப்பரால் தேடி அழைக்கப்பட்டுத் தலைவனானவன். காப்பிய வீரனுக்கு வேண்டிய யாவும் அவனிடம் உண்டு. கர்ணனை அறிந்த தமிழர்க்கு அவன் புதியவன் அல்லன். அம்மோனியரை வென்று திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைத் தகனபலியாக்குவதாகப் பொருத்தனை செய்கிறான். மிஸ்பாவுக்குத் திரும்பும்போது தம்புருவோடும் நடனத்தோடும் வந்தவள் ஒரே மகள். அவளைக் கண்டதும் அவன் சொல்லும் முதல் வார்த்தை, நீ என்னைக் கலங்கப்பண்ணினாயே என்பதுபோல் அமைகிறது. விலையாகப்போகிறவள் மேலேயே பழியும் விழுகிறது. அவள் இசைகிறாள்; இரண்டு மாதத் தவணை மட்டும் கேட்டு, தோழிமாரோடு மலைகளில் திரிந்து தன் கன்னிமைக்காகத் துக்கங்கொண்டாடுகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை.

இதைத் தாங்கமாட்டாமல் உரையாசிரியர்கள் பட்டபாடு பெரிது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும், பிலோவின் பெயரால் தவறாக வழங்கிய ஒரு யூத நூல் அவளுக்குச் சேயிலா என்று பெயரிட்டு, நீண்ட புலம்பலையும் அவள் வாயில் வைத்தது. இடைக்கால யூத அறிஞர் தாவீது கிம்கி, அவள் கொல்லப்படவில்லை, மணமின்றித் தனித்து வாழ விடப்பட்டாள் என்று உரை கண்டார். ஸ்காட்லாந்தின் சீர்திருத்தச் சபையாரான ஜார்ஜ் புக்கானன் 1554-இல் அச்சிட்ட இலத்தீன் நாடகத்தில் அவளை இபிஸ் என்று அழைத்தார். இபிகேனியாவின் நினைவு அப்பெயரிலேயே தெரிகிறது. ஹாண்டலின் 1752-ஆம் ஆண்டு இசைநாடகத்தில் தூதன் ஒருவன் இறங்கிவந்து அவளைக் காப்பாற்றிவிடுகிறான். இசைக்கு அது இனிது. வேத வாக்கியத்தில் தூதன் இல்லை. ஈசாக்குக்காக ஆட்டுக்கடா வந்தது, இவளுக்காக ஒன்றும் வரவில்லை. லயன் பாய்க்துவாங்கர் 1957-இல் அவள் தந்தையை நாவலாக்கினார். பில்லிஸ் திரிபில் 1984-இல் வெளியிட்ட நூல், ஆகார், தாமார், லேவியனின் மறுமனையாட்டி ஆகியோருடன் இவளையும் வைத்து, திருமறையின் கொடுந்துயரப் பகுதிகளை மறைக்காமல் வாசிக்க நமக்குக் கற்றுத் தந்தது.

ஆனால் எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. விசுவாச வீரர் என்று நாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும் அப்பட்டியலின் 32-ஆம் வசனத்தில் கிதியோன், பாராக், சிம்சோன் ஆகியோரோடு யெப்தாவும் இருக்கிறான். பாராக்குக்கு இடம் உண்டு, அவனை அழைத்துச் சென்ற தெபொராளுக்கு அங்குப் பெயர் இல்லை. யெப்தாவுக்கு இடம் உண்டு, அவன் மகளுக்கு இல்லை. நிருபத்தின் ஆசிரியர் அவனுடைய பொருத்தனையைப் புகழவில்லை என்பது உண்மை. இராஜ்யங்களை வென்றதையும் பலவீனத்தில் பலங்கொண்டதையுமே சொல்கிறார். நம் பிரசங்கபீடங்களோ அவ்வேறுபாட்டைப் பேணுவதில்லை. வாயினால் சொன்னதைச் செலுத்தியே தீரவேண்டும், யெப்தாவைப் பாருங்கள் என்று அறுப்பின் பண்டிகையில் கூறப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சபையில், அக்காள் மகனுக்கு என்று தகப்பனார் வாக்குக் கொடுத்துவிட்டதால் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண்பிள்ளை இருப்பாள். தகப்பனாரும் நல்லவர்தாம், சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர்.

இன்னும் அண்மையில் வருவோம். ஊழிய அழைப்பைக் குறித்து நம் மாணவரைப் பேசச் சொன்னால், தாம் பிறக்குமுன்னரே தாயார் கர்த்தருக்குப் பொருத்தனை செய்துவிட்டார் என்று தொடங்குவோர் எத்தனையோ பேர். அன்னாளையும் சாமுவேலையும் சொல்லி நாமும் மகிழ்கிறோம். அவர்களிற் பலர் மனமுவந்து வந்தவர்களே. அப்பொருத்தனையைத் தாமே ஏற்றுத் தமதாக்கிக்கொண்டவர்கள். சிலர் அப்படியல்லர். தாயின் கண்ணீருக்கு இசைந்து வந்து, மூன்றாம் ஆண்டில் இரவு வெகுநேரம் விளக்கணைக்காமல் அமர்ந்திருப்பவர்கள். அவர்களிடம் அன்னாளின் கதையை மட்டும் நாம் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஒருபக்கக் கதையாகும். மிஸ்பாவில் வாசலைத் திறந்து ஆடிக்கொண்டு வந்தவளின் கதையையும் அவர்கள் வாசிக்கவேண்டும். தாம் சொல்லாத வாக்குக்குத் தாம் விலையாகிறோமா, அல்லது தம்முடைய சொல்லையே சொல்லித்தான் வந்திருக்கிறோமா என்று கேட்டுப்பார்க்கவேண்டும். அக்கேள்விக்கு அஞ்சி ஒருவர் கல்லூரியை விட்டுப் போனாலும், திருச்சபை அதனால் ஏழையாகிவிடாது.

நல்ல மறுகதை எழுதப்படும் வழி இது என்றால், அதற்கு முன்மாதிரி அதே அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. இஸ்ரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் நான்கு நாள் போய் யெப்தாவின் மகளை நினைத்தார்கள் என்று 40-ஆம் வசனம் சொல்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் புலம்பல் என்று கொள்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து வரும் மரபு அது. ஒப்பாரியை அறிந்த நமக்கு அச்சொல் அந்நியமன்று. இறந்தவரின் பெருமையோடு, அவருக்கு இழைக்கப்பட்டதையும், இழைத்தவர் காதில் விழும்படி பாடிவிடும் உரிமை ஒப்பாரிக்கு உண்டு; ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் இருக்கும்போதே அது பாடப்படுகிறது. எபிரெய மூலத்தில் அங்குள்ள வினைச்சொல்லோ அரிதானது. அதே நூலின் 5-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனத்தில், தண்ணீர் மொள்ளும் இடங்களில் கர்த்தரின் நீதிச்செயல்களை எடுத்துரைப்பதற்கு அது வழங்குகிறது. அதன்படி அப்பெண்கள் அழுததோடு நிற்கவில்லை, அவள் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வாக்கியத்தில் இது இஸ்ரவேலில் வழக்கமாயிற்று என்று நாம் வாசிக்குமிடத்து வினை பெண்பாலில் நிற்பதைக் காட்டி, அவளே வழக்கமானாள் என்று பொருள்கொள்கிறார் திரிபில்.

உலகின் பல சபைகள் பின்பற்றும் திருத்திய பொது வாசக அட்டவணையில் மூன்றாண்டு ஞாயிறுகளுக்கும் சேர்த்து நியாயாதிபதிகள் நூலிலிருந்து ஒரே ஒரு பகுதிதான் இடம்பெறுகிறது. அது 4-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள். அந்த நான்கு நாட்களுக்கு அதில் ஒரு ஞாயிறும் இல்லை.